சனிக்கிழமைக் கருவாடு

என் வீட்டுக்காரருக்குக் கொரோனா வராது என்பது இரண்டாவது அலையின் தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர் டாக்டர் இல்லை. அவரேதான்.

"இது கேவுரு களி தின்ன ஒடம்பு, தீர்த்தா. இதுக்குள்ள பூந்துச்சுன்னா, அந்தக் கிருமிக்குத்தான் சீக்கு வரும்."

சர்க்கரை வியாதி மாத்திரையை விழுங்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

அவர் பெயர் அர்ச்சுனன். முதல் அலையின்போது எங்கள் ஊருக்கு அவர்தான் கொரோனா கமிட்டி. தலைவர், செயலாளர், உறுப்பினர், எல்லாமே அவர். ஊர் முனையில் வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு, கையில் கழியோடு உட்கார்ந்திருப்பார். யார் வந்தாலும் விசாரணை. கூடப் பிறந்த தங்கச்சி வந்தபோதும், "நீ யாரு, எந்த ஊரு, என்னா விசயமா வந்த?" என்று கேட்டார். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்த மாது காய்ச்சலோடு திரும்பி வந்தான். அவன் வீட்டு வழியையே முள்ளால் அடைத்துவிட்டார். பதினான்கு நாள். மாதுவின் பெண்சாதி முள்ளுக்கு மேலே குடத்தை நீட்டித்தான் தண்ணீர் வாங்கினாள்.

இப்படிப்பட்ட கமிட்டிக்கு ஒரு புதன்கிழமை சாயந்திரம் காய்ச்சல் வந்தது.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். தோசை ஊற்றலாம்.

"என்னங்க, இப்படிக் கொதிக்குது!"

"வெயில்ல இருந்தேன்."

"மத்தியானத்துல இருந்து கட்டில்லதான படுத்திருக்கீங்க?"

"கட்டிலு வெயில்ல இருந்துச்சு."

"நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாங்க."

விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "ஏம்மே, நான் ஊருக்குள்ள தலை நிமுந்து நடக்கறது உனக்குப் புடிக்கலியா? மாது வூட்டுக்கு முள்ளு போட்டவன் நானு. எனக்குன்னு தெரிஞ்சா அவன் ஒரு வண்டி முள்ளு கொண்டாந்து நம்ம வாசல்ல கொட்டுவான்."

என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"சத்தியம் பண்ணு. எனக்குக் காய்ச்சல்னு யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு."

"தலை சுடுதுங்க."

"சுட்டாலும் சத்தியம் சத்தியம்தான். பண்ணு."

பண்ணிவிட்டேன். சத்தியத்தை மீறினால் அவர் தலைக்கு ஆகாது. மீறாவிட்டாலும் அவர் தலைக்கு ஆகாது.

நானோ எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள். ஓசூரில் இருக்கிற மகள் ஐஸ்வர்யா போனை எடுக்கக் கொஞ்சம் நேரமானாலே பத்து தடவை அடித்துவிடுவேன். என்னிடம் போய் இப்படி ஒரு சத்தியமா? பக்கத்து ஊர் மளிகைக் கடைக்காரரும் இப்படித்தான் பத்து நாள் காய்ச்சலை மறைத்தார். பதினோராம் நாள் ஆம்புலன்ஸ் வந்தது. போனவர் போனவர்தான். சின்ன வயசு, சர்க்கரைகூட இல்லை. அதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவர் இருமுவதை உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

தெருவில் தினம் பதினொரு மணிக்கு அம்பிகா வருவாள். எங்கள் பகுதிக்குக் கிராம நர்ஸ். நெற்றிக்கு நேரே பிடிக்கத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, விரலில் மாட்ட ஒரு கிளிப். இவர் ஒன்பது மணிக்கே காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொள்வார். பதினொன்றுக்கு நெற்றி பச்சைத் தண்ணீர். தானாகவே வாசலுக்குப் போய் நெற்றியை நீட்டுவார்.

"சுடு கண்ணு, சுடு."

"காய்ச்சல் இல்லீங்கண்ணா. ஆக்சிஜன் தொண்ணூத்தி ஆறு. இருமல், ஒடம்பு வலி ஏதாச்சும் இருக்குங்களா?"

"எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன்."

அடக்கிவைத்த இருமலில் கல்லுக்குக் கண் சிவந்து தண்ணீர் வழிந்தது.

"கண்ணு ஏங்கண்ணா கலங்குது?"

"நீ இந்த வெயில்ல வூடு வூடா அலையறதப் பாத்தா மனசு தாங்கல கண்ணு."

அம்பிகா உருகிப் போனாள். என் பக்கம் திரும்பி, "குடுத்து வச்சவங்கக்கா நீங்க" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியம்.

வெள்ளிக்கிழமை அடுப்பில் பாலை வைத்தேன். அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். திரும்பி வந்தால் வாசலிலேயே கருகல் நாற்றம் முகத்தில் அறைகிறது. பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரியாகிக் கிடக்கிறது. இவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து நிம்மதியாகப் போன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தீயற வாசம் வரலீங்களா?"

"வந்துச்சு, வந்துச்சு. நீ ஏதோ தாளிக்கிறேன்னு இருந்துட்டேன்."

நான் கொல்லையில் இருக்க, தாளித்தது யார்?

'வாசனை தெரியாமப் போனா ஒடனே சொல்லணும்' என்று அம்பிகா வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். சொல்ல வேண்டும். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. பாத்திரத்தைத் தேய்க்க உட்கார்ந்தேன். கரி போவதற்குள் ஒரு வழி கிடைத்துவிட்டது. மறுநாள் சனிக்கிழமை.

சனிக்கிழமை அவருக்குப் பெருமாள் விரதம். விரதம் அவருக்கு, பத்தியம் தெருவுக்கே. யார் வீட்டிலும் மீன், கருவாடு வாசனை கிளம்பக் கூடாது. எதிர் வீட்டுக் கோவிந்தம்மாள் ஒரு சனிக்கிழமை நாலே நாலு நெத்திலியை வறுத்துவிட்டாள். அவள் வாசலில் நின்று அரை மணி நேரம் கத்தினார். "நாலு வூடு தள்ளி முட்டை ஒடைச்சாலும் எனக்குத் தெரியும்" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினார். அன்றையிலிருந்து கோவிந்தம்மாள் ஒரு சந்தர்ப்பத்துக்காகக் காத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை குளித்து, நாமம் போட்டு, விளக்கேற்றி, மாத்திரையும் போட்டுக்கொண்டார். பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இலை போட்டு, சாம்பார் ஊற்றி உட்காரவைத்தேன். விரதத்தில் குறை வைக்கவில்லை. அப்புறம் கொல்லைக்குப் போய், மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டி, கல்லைப் போட்டு, வாளைக் கருவாட்டை அடுக்கினேன்.

'பெருமாளே, உன் பக்தனைக் காப்பாத்தத்தான் உன் நாளில் இதைச் செய்யறேன். கொஞ்ச நேரம் மூக்கைப் பிடிச்சுக்கோ.'

கருவாடு சுட ஆரம்பித்ததும் புகை வீட்டைச் சுற்றி வந்து தெருவில் இறங்கியது. எனக்கே குமட்டியது. உள்ளே அவர், "சாம்பார் கமகமன்னு இருக்குது தீர்த்தா" என்றார். நான் பெருங்காயமே போடவில்லை.

வாசலில் குரல் கேட்டது. கோவிந்தம்மாள். நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மாதுவும் நின்றான்.

"அர்ச்சுனண்ணே! கொஞ்சம் வெளிய வாங்க!"

கையைக் கழுவிக்கொண்டு போனார். "என்னா கோவிந்தம்மா?"

"பெருமாள் நாளும் அதுவுமா உங்க வூட்ல கருவாடா?"

"என் வூட்லயா? பேசற நாக்கு அழுகிடும்!"

"தெருவே நாறுதுங்கண்ணே!"

"எங்க நாறுது? எனக்கு வரலியே!"

"நல்லா இழுத்துப் பாருங்க."

நெஞ்சை விரித்து ஒரு இழுப்பு இழுத்தார். "இழுத்துட்டேன். சாம்பிராணி வாசம்தான் வருது."

அப்போதுதான் நான் கருவாட்டுக் கல்லைத் துணியில் பிடித்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றேன். புகை நேராக அவர் நாமத்தின் மேல் போனது. குனிந்து பார்த்தார்.

"இது என்னா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"மாமா, அது கருவாடு" என்றான் மாது.

அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! வாசனை வருகிறது என்றால் விரதத்தன்று கருவாட்டு வீட்டில் சாப்பிட்டவர் ஆவார். வரவில்லை என்றால் இன்னும் மோசம். கொஞ்ச நேரம் இரண்டுக்கும் நடுவில் நின்றார். அப்புறம் நடுவழியாகப் போகப் பார்த்தார்.

"இப்ப வருது. லேசா வருது."

"லேசாவா? எனக்குக் கண்ணே எரியுதுங்கண்ணே!"

கூட்டத்துக்குப் பின்னால் அம்பிகாவின் குரல் கேட்டது. "வாசனை தெரியலீங்களா அண்ணா? எத்தனை நாளா?"

"இன்னிக்குத்தான் கண்ணு. நேத்து பால் தீஞ்சது மட்டும்…" என்று ஆரம்பித்தார். அதற்குள் மூன்று நாளாகச் சேர்த்துவைத்திருந்த இருமல் மொத்தமாகக் கிளம்பியது. கூட்டம் பத்தடி பின்னால் போனது. இருமி முடித்து, என்னைப் பார்த்தார்.

"தீர்த்தா, சத்தியம்!"

"நான் வாயே தொறக்கலீங்க" என்றேன்.

அன்றைக்கே எங்கள் இரண்டு பேருக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். திங்கட்கிழமை அவருக்குப் பாசிட்டிவ் என்று வந்தது. ஆக்சிஜன் தொண்ணூற்றிரண்டுக்கு இறங்கியிருந்தது. ஆம்புலன்ஸில் ஏறும்போது, "கருவாட்டை வச்சுக் காட்டிக் குடுத்துட்டியே" என்று ஒரு பார்வை பார்த்தார். வண்டி தர்மபுரி ரோட்டில் திரும்பியதும் நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு நோய் இல்லை என்று வந்தது. ஆனாலும் வீட்டைவிட்டு வரக் கூடாது. மறுநாள் காலை மாது பெரிய கட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு வருவது தெரிந்தது. முள்தான் என்று நினைத்துக் கதவைச் சாத்தப் போனேன். தொம்மென்று வாசலில் போட்டான். சோளத்தட்டு.

"முள்ளு எங்க மாது?"

"அட போக்கா. அத வெட்ட யாருக்கு நேரமிருக்குது? மாமா இல்லாம மாட்டுக்குத் தீனி யாரு வெட்டுவாங்கன்னுதான் வந்தேன்."

அவன் போன பிறகு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ஆக்சிஜன் எண்பத்தொன்பதுக்கு வந்தது. அவர் போன் செய்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது.

"பக்கத்துக் கட்டிலு காலியாயிடுச்சு தீர்த்தா."

"டிஸ்சார்ஜுங்களா?"

மூச்சு மட்டும்தான் கேட்டது. அதற்குள் யாரோ போனை வாங்கினார்கள். ஒரு நர்ஸ். உடம்பு முழுக்க மூடிய உடைக்குள்ளிருந்து பேசுகிறாள் போல, வார்த்தை அமுங்கி வந்தது.

"அம்மா, இவரு பயந்து போயிருக்காரு. பயத்துலயே மூச்சு வாங்குது. குப்புறப் படுத்தா ஆக்சிஜன் ஏறும். படுக்க மாட்டேங்கறாரு. நீங்க சொல்லுங்க."

போனை அவர் காதில் வைத்தாள்.

"குப்புறப் படுங்க."

"பயமா இருக்குதுடி."

"எனக்குந்தான் பயமா இருக்குது. நான் இங்க நின்னுக்கிட்டுப் பயப்படறேன், நீங்க அங்க படுத்துக்கிட்டுப் பயப்படுங்க."

படுத்தார். நான் பேசினேன். செவலை மாடு வாளியை உதைத்தது, கோவிந்தம்மாள் கஞ்சி கொண்டுவந்தது, தக்காளி செடியில் பூச்சி விழுந்தது. சொல்ல ஒன்றும் இல்லாதபோது மசாலாப் பொட்டலத்தின்மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். நிறுத்தினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதனால் அந்த நர்ஸ் பெண் தினமும் மூன்று வேளை போனைப் போட்டு அவர் தலைமாட்டில் வைத்தாள். அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கின மனுஷன், "பேசிக்கிட்டே இருடி" என்றார்.

ஆறாம் நாள் தொண்ணூற்றி நான்கு. பத்தாம் நாள் தொண்ணூற்றியேழு. பன்னிரண்டாம் நாள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். பாதி ஆளாகத்தான் இருந்தார். இருந்தால் என்ன, நடந்து வந்தார். அன்றைக்குத்தான் நான் மறுசோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஏழு நாள் தனியாக இருக்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். முன் அறையை ஒழித்துக் கொடுத்தேன். வேளாவேளைக்கு வாசற்படியில் தட்டு. முட்டை, கீரை, சுண்டல், பழம். எட்டாம் நாள் அம்பிகா வந்து பார்த்து, "நல்லாயிட்டாருக்கா. சின்னச் சின்ன வேலை செய்யலாம்" என்றாள். ஆனால் அவர் வெளியே வரவில்லை.

"டாக்டரு இருபத்தோரு நாளுன்னாரு."

"சீட்டுல ஏழுன்னுதான இருக்குது?"

"எல்லாத்தையும் எழுதுவாங்களா? காதுல சொன்னாரு."

பால் கறக்க வாங்க என்றால் இருமல் வந்தது. போனில் சிரிப்புக் காட்சி பார்க்கும்போது வரவில்லை. வேறு ஒருத்தியாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். எனக்கு அதுவும் கவலைதான். பாதி இருமல் பொய் என்று தெரிகிறது. மீதிப் பாதி? உள்ளுக்குள் இன்னும் ஏதாவது இருந்தால்? எது நிஜம் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் போயிற்று.

அவர் வீடு வந்த பன்னிரண்டாம் நாள் சாயந்திரம் அவர் அறை வாசலில் போய் நின்றேன்.

"எனக்கும் அசதியா இருக்குதுங்க. நானும் தனியா இருந்துக்கறேன்."

"மாடு?"

"மாட்டுக்குத் தனிமை கெடையாதாமே."

உள் அறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

விடிந்தது. செவலை கத்தியது. அப்புறம் அதன் கன்றும் கத்தியது. நான் அசையவில்லை. கடைசியில் முன் அறைக் கதவு திறந்தது. வாளி எடுக்கும் சத்தம். அப்புறம் வாளி உருளும் சத்தம். உதைத்துவிட்டது.

அவ்வளவுதான். ஆரம்பித்தார். செவலையைத் திட்டினார். அதைப் பெற்ற மாட்டைத் திட்டினார். விற்ற தரகனைத் திட்டினார். வாங்கச் சொன்ன என்னைத் திட்டினார். மூச்சு விடாமல், ஊரே கேட்க, கால் மணி நேரம். நான் கதவில் காதை வைத்து எண்ணக் காத்திருந்தேன். ஒரு இருமல்கூட இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, போர்வையை இழுத்து மூடிப் படுத்தேன். எத்தனையோ நாள் தூக்கம். எட்டு மணிக்குத்தான் எழுந்து வெளியே வந்தேன். அவர் பாலைச் சங்கத்தில் ஊற்றிவிட்டு வந்து, சாணியும் அள்ளி முடித்திருந்தார்.

"ஒடம்பு இப்ப எப்படி இருக்குது?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"உங்களுக்குப் பூரணமா கொணமாயிடுச்சுங்க" என்றேன்.