கவுத்துப் பார்த்த நடுவர்

கடல் ஒன்றைத் தவிர மரக்காணத்தில் கவுத்து மேஸ்திரி கவிழ்த்துப் பார்க்காத பொருள் எதுவும் இல்லை. கடலையும் கைக்கு அடங்காததால்தான் விட்டுவைத்தார்.

உப்பளத்தில் தரம் பார்ப்பது அவர் வேலை. குவியலின் மேலே எல்லா உப்பும் வெள்ளைதான். அடியைப் புரட்டினால்தான் சேறு தெரியும். இந்தப் பழக்கம் அளத்தோடு நிற்கவில்லை. கல்யாணங்களில் சீர்க்குடத்தைக் கவிழ்ப்பார். சலூனில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்த பிறகே உட்காருவார். ஒருமுறை டீக்கடையில் கிளாசின் அடியைப் பார்க்கப்போய், பக்கத்திலிருந்தவரின் வேட்டி டீ குடித்தது.

2005-இல் பள்ளிக்கூட ஹாலில் கைவினைப் பொருள் தேர்வு நடந்தது. தேர்வாகும் ஆறு பொருள்கள் சென்னைக் கண்காட்சிக்குப் போகும். அங்கே கடைக்காரர்கள் ஆர்டர் கொடுப்பார்கள். ஓர் ஓவிய ஆசிரியரும் ஒரு கடைக்கார அம்மாவும் நடுவர்கள். மூன்றாவதாக உள்ளூர் ஆள் வேண்டுமென்றார்கள். மேஸ்திரி பெயரைச் சொன்னது நான்தான். உள்ளூர் நிருபரான எனக்குச் செய்தி கிடைக்கும் என்ற சுயநலம்.

சட்டையில் பேட்ஜ் குத்தியதும் வேலையை ஆரம்பித்தார். எல்லோரும் வாய்பிளந்து பார்த்த தெர்மோகோல் மயிலைப் புரட்டினார். அடியில் ஒரு கல்யாணப் பத்திரிகை ஒட்டியிருந்தது.

"மாப்ள எந்த ஊருங்க?" என்றார். மயில் அவுட்.

ஆசிரியர் பொறுமை இழந்தார். "மேஸ்திரி, முன்பக்கம் பாருங்க!"

"அதை அவங்களே காட்டுறாங்களே சார்."

அடுத்தது, பக்கத்து ஊரான அனுமந்தையிலிருந்து வந்த செல்வி. முந்தின டிசம்பர் சுனாமி அலையில் அவள் வீட்டுக்காரரின் படகு போயிருந்தது. இந்தச் சென்னை ஆர்டரைத்தான் நம்பியிருந்தாள். ஓலைத் தட்டின் மேல் சிப்பிகளை ஒட்டிப் படகு செய்திருந்தாள். கடற்காற்றின் ஈரத்தில் பசை காயவில்லை. அதைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் மேஸ்திரி தட்டைக் கவிழ்த்துவிட்டார்.

சிப்பிகள் ஹால் முழுக்க உருண்டன.

"யோவ் மேஸ்திரி! கடல் ஒரு படகை எடுத்துக்கிச்சு, நீ இன்னொண்ணா?" என்று கத்தினாள் செல்வி.

மேஸ்திரியோ தட்டின் அடியையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஓலையின் நுனி ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

"ஏம்மா, இது யாரு மொடைஞ்சது?"

"நான்தான். மீன் வைக்கிற தட்டு. ரெண்டு மணி நேர வேலை. சிப்பி ஒட்டத்தான் மூணு நாளாச்சு!"

"சிப்பியை வுடு. சார், இதைப் பாருங்க. இதுல எது மேல, எது அடின்னு சொல்லுங்க பார்ப்போம்."

மற்ற இரண்டு நடுவர்களும் மாறி மாறிப் புரட்டினார்கள். சொல்ல முடியவில்லை.

"தட்டைப் புதுப் பொருளா எழுதிக்கலாம்," என்றார் ஆசிரியர். "ஆனா நீங்களே உடைச்சிட்டு நீங்களே மார்க் போட்டா மத்தவங்க சும்மா இருப்பாங்களா?"

"அவ்ளோதானே?" மேஸ்திரி பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்னைத் தள்ளிடுங்க. தட்டை எடுத்துக்குங்க."

பேட்ஜ் குத்த அன்று காலையில் புதுச் சட்டை வாங்கியிருந்தார் மனிதர். அந்தச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து, பெஞ்சுக்கடியில் கிடந்த சிப்பிகளைப் பொறுக்கத் தொடங்கினார். ஆறு பொருள்களில் முதலாவதாக ஓலைத் தட்டின் பெயரை வாசித்தபோது, செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். அவர் இன்னமும் பெஞ்சுக்கடியில்தான் இருந்தார்.

'நடுவர்கள் இருவர்' என்று மறுநாள் என் செய்தி வந்தது. விதிப்படி அது சரி. இத்தனை வருடத் தொழிலில், சரியாக எழுதிவிட்டு நான் வருத்தப்பட்டது அந்த ஒரு வரிக்குத்தான்.