எருமைக்காகப் பிடித்த நோன்பு

எங்கள் பக்கத்தில் ரமழானுக்கு வெளியே அதிகமாக நோன்பு பிடித்தவர் யார் என்று கேட்டால், பள்ளிவாசலின் முதல் வரிசையில் நிற்கும் எவரையும் சொல்ல மாட்டேன். நோன்புக் காக்காதான். எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். அத்தனை நோன்பும் ஒரு சோடி எருமையால் வந்தது.

எண்பதுகளின் நடுவில், சிங்களக் கிராமங்களுக்கு மத்தியில் இருந்த அவருடைய வீட்டைக் கலவரத்தில் ஒரு சிங்களக் கும்பல் எரித்துவிட்டது. மனைவியோடும் எருமைகளோடும் எங்கள் கல்முனைக்கு ஓடி வந்தார். அகதி முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் அவர் செய்த முதல் வேலை, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தியம் பண்ணியது.

“அல்லாஹ் மேல சத்தியமா, இனி இந்த வாயால சிங்களம் ஒரு சொல்லும் கதைக்க மாட்டன்!”

அதுவரை அவர் கனவு கண்டதே சிங்களத்தில்தானாம். எங்கள் ஊரார் அந்த மொழிப்பற்றை மெச்சி மெச்சிப் பேசினார்கள். ஒருவராவது அவரைச் சோற்றுக்குக் கூப்பிட்டாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.

மனிதர் சரியான சந்தேகப் பிராணி. ரொட்டிக்கு நாங்கள் சொல்லும் ‘பாண்’ சிங்களச் சொல்லாக இருக்குமோ என்று பயந்து, தேநீர்க்கடையில் விரலால் காட்டித்தான் வாங்குவார். “அது போத்துக்கீசன் தந்த சொல்லு காக்கா” என்றேன்.

“அவனும் நம்மட ஆக்கள அடிச்சவன்தானே?” கொஞ்சம் யோசித்தார். “ஆனா அவன் போயிட்டான். சரி, பாண் ஒண்டு தாங்க.”

மாரிமழையோடு பெரும்போக நெல் உழவு தொடங்கியது. டீசல் இல்லை, ட்ரக்டர்கள் நின்ற இடத்திலேயே நின்றன. என் வயலை உழ அவரைக் கூப்பிட்டேன். எருமைகளைச் சேற்றில் இறக்கி “நட!” என்றார். நின்றன. “நடங்க வாப்பா!” என்றார். நின்றன. பிஸ்மி சொல்லிப் பார்த்தார். கம்பை ஓங்கினார், அடிக்க மனம் வரவில்லை. பாவம், எருமைகளுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்தது சிங்களம் மட்டும்தான். அவற்றின் பட்டியும் எரிந்ததுதான். ஆனால் அவை சத்தியம் எதுவும் பண்ணவில்லை.

வரம்பில் இறைச்சிக்கடைக்காரர் வந்து குந்தினார். பெரிய இரக்கமுள்ள மனிதர்.

“ஏன் காக்கா கஷ்டப்படுறீங்க? ஏர்ல நடக்காட்டி என்ன, என்ட கடைக்கு நடந்தாப் போதும்.”

காக்காவின் முகம் செத்துப்போனது. பிழைப்பென்று மிஞ்சியதும், பிள்ளைகள் என்று சொல்ல இருந்ததும் அந்த இரண்டும்தான். எருமைகளின் காதருகே குனிந்து, மெல்ல, “யங் புத்தே, யங்” என்றார். ‘போவோம் மகனே’ என்று அர்த்தம். இரண்டும் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல நடந்தன. இறைச்சிக்கடைக்காரர் எழுந்து சாரத்தைத் தட்டிக்கொண்டு போனார்.

சத்தியம் முறிந்தால் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு, முடியாதவருக்கு மூன்று நோன்பு என்றார் பள்ளிவாசல் லெப்பை.

“பத்து ஏழைய நான் எங்க தேட? அந்தப் பத்துல முதலாம் ஆள் நான்தானே!”

நோன்பு பிடித்தார். முடிந்த கையோடு மறுபடி சத்தியம். அடுத்த வயலில் மறுபடி ‘யங் புத்தே.’ மறுபடி நோன்பு. போகம் முடியுமுன் ஆள் ஈர்க்கிலாகிவிட்டார்.

“சத்தியத்த உட்டுட்டு உழுங்களன் காக்கா!” என்றேன்.

“அப்ப என்ட வீடு எரிஞ்சது ஒண்டுமில்லையா தம்பி?”

அடுத்த பெரும்போகத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். எனக்குத்தான் சத்தியம் எதுவும் இல்லையே! எருமைகளுக்கு முன்னால் போய் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, “யங் புத்தே!” என்று கத்தினேன். இராணுவச் சோதனைச் சாவடியில் நான் கேட்டுப் பழகிய சிங்களம் அப்படித்தான் இருக்கும். எருமைகள் என்னைப் பார்த்தன. காதைக்கூட ஆட்டவில்லை.

காக்காவால் பொறுக்க முடியவில்லை.

“அதட்டாதீங்க தம்பி! அது அப்பிடிக் கதைக்கிற பாஷை இல்ல. அன்பாச் சொல்லணும்.”

சொல்லியும் காட்டினார். எருமைகள் நடந்தன. காக்கா திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் நானும் அவரோடு சேர்ந்து நோன்பு பிடித்தேன். காலைத் தேநீரை வேண்டாமென்றதும் என் மனைவி ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“இன்டைக்கு என்னத்துக்கு நோன்பு?”

“எருமைக்கு” என்றேன். “நோன்பு திறக்கக் கஞ்சி கொஞ்சம் கூடவே காய்ச்சு. காக்காவும் வாறார்.”