ஒன்றும் தெரியாதவர் முத்திரை

"நாலாம் படிக்கு அப்புறம் என்ன செய்யறதுன்னே புரியல" என்று பதினேழாவது புகார் வந்து விழுந்தபோது அரைப்புள்ளி பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு ஃபோனைப் படித்தார். நுரையோடே சிரித்தார்.

"புரியலையாம்! எங்க அத்தைக்கே புரிஞ்சிருக்கு, இவருக்குப் புரியலையாம்!"

பகலில் பம்பு கம்பெனியில் வரைபடம் போடுவது அவருடைய பிழைப்பு. மாலையில் செய்வது தொண்டு. உலகத்தின் மூலைமுடுக்குகளில் இருந்தெல்லாம் பலர் சம்பளம் வாங்காமல் கூடி எழுதுகிற, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற கணினி இயங்குதளம் ஒன்று இருக்கிறது. அதைக் கணினியில் ஏற்றுவது எப்படி, பிரிண்டரை இணைப்பது எப்படி என்று விளக்கும் பக்கங்களையும் தன்னார்வலர்கள்தான் எழுதி அனுப்புவார்கள். வந்ததை வெட்டி ஒட்டிச் சரிபார்த்து முத்திரை வைக்கும் அதிகாரம் இருபத்திரண்டு பேருக்கு உண்டு. இவர் அவர்களில் ஒருவர். ஒரு காற்புள்ளியைக்கூடச் சும்மா விடமாட்டார் என்பதால் மற்றவர்கள் கிண்டலாக வைத்த பெயர்தான் அரைப்புள்ளி. இவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அங்கே ஒரு விதி. எந்தப் பக்கமானாலும், கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் அதை வைத்துக்கொண்டு வேலையை முடித்துக் காட்டினால்தான் முத்திரை. சரிபார்ப்பவர் பக்கத்தில் உட்காரலாம். வாயைத் திறக்கக் கூடாது, விரலை நீட்டக் கூடாது.

மற்ற இருபத்தொரு பேரும் ஒன்றும் தெரியாதவர்களைத் தேடி நாயாய் அலைந்தார்கள். கிடைத்தவர்களும் இரண்டே பக்கங்களில் விஷயம் தெரிந்தவர்களாகிக் கெட்டுப்போனார்கள். அரைப்புள்ளிக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டிலேயே மாமியார் இருந்தார். மூன்று வருஷம், முப்பத்தொரு பக்கம். ஒன்றில்கூட அவர் தோற்றதில்லை. ஒன்றும் கற்றுக்கொண்டதும் இல்லை.

"எங்க அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உலகம் பூரா எழுதி வச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?" என்பாள் மனைவி.

"பெருமையா இருக்கு" என்பார் அரைப்புள்ளி, மனசார.

மாமியாருக்கும் பெருமைதான். பக்கத்தின் அடியில் 'சோதித்தவர்: ஒன்றும் தெரியாதவர்' என்று வருவதை மகளிடம் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்பார்.

இப்போது தகராறில் இருப்பது, பழைய கோப்புகள் அழியாமல் இயங்குதளத்தை ஏற்றுவது எப்படி என்ற பக்கம். எழுதி அனுப்பியவர் ஒரு பஸ் டிரைவர். அவர் பன்னிரண்டு படிகள் எழுதியிருந்தார். அரைப்புள்ளி கத்தரித்து ஒன்பது ஆக்கியிருந்தார். "ஐயா, அந்த அஞ்சாம் படி முக்கியம். எடுத்துட்டா ஜனம் நடுவழியில நின்னுரும்" என்று டிரைவர் மன்றாடிப் பார்த்தார். அரைப்புள்ளி மசியவில்லை.

புகார் இருபதைத் தொட்டதும் தலைவியிடமிருந்து கடிதம் வந்தது. தலைவி என்றால் சரிபார்ப்பவர்களுக்கெல்லாம் மேலே இருக்கும் அம்மாள். மறுபடி சோதித்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

"அத்தை, ஒரு சோதனை இருக்கு."

"இதோ வந்துட்டேன் மாப்பிள்ளை." மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அச்சடித்த தாளை இடது கையில் பிடித்துக்கொண்டார், வலது கையில் மவுஸ். அரைப்புள்ளி விதிப்படி வாயை இறுக மூடிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பதினான்கே நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றைக்கே பதில் போனது: 'பக்கத்தில் குறை இல்லை. படிப்பவர்களிடம் இருக்கிறது.'

ஐந்தாம் படி இல்லாமலே மாமியார் எப்படித் தாண்டினார் என்று வேறு யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். அரைப்புள்ளிக்கு வந்தது ஞானம். படிகள் குறையக் குறையத் தெளிவு கூடுகிறது! உடனே இன்னும் மூன்றை வெட்டினார். மாமியார் பதினொரு நிமிஷத்தில் முடித்தார். இன்னும் இரண்டை வெட்டினார். ஒன்பது நிமிஷம்.

இதைத் தன் கண்டுபிடிப்பாக இருபத்தொரு பேருக்கும் அறிவித்தார். அத்தோடு நின்றாரா? ஏற்கெனவே முத்திரை வைத்த முப்பது பக்கங்களையும் அதே வாரத்தில் சிரைத்துத் தள்ளினார். ஒவ்வொன்றையும் மாமியார் ஊதித் தள்ளினார்.

புகார்கள் நூற்றி நாற்பது ஆயின. பிரிண்டர் பக்கத்தைப் படித்த ஒருவர், பிரிண்டரையே விற்றுவிட்டதாக எழுதியிருந்தார்.

"என்னங்க, கொஞ்சம் எறங்கி வரலாமே" என்றாள் மனைவி.

"எதுக்கு எறங்கணும்? உங்க அம்மா மாதிரி ஒரு ஒண்ணும் தெரியாதவங்க வேற யார்கிட்ட இருக்காங்க?"

தலைவி அடுத்த கடிதத்தில் சுற்றி வளைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, வீடியோவில், எல்லோர் முன்னாலும் சோதனை. தேறினால் அரைப்புள்ளியின் வெட்டே இனி எல்லாப் பக்கங்களுக்கும் விதி. தேறாவிட்டால் முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டு நாள் அரைப்புள்ளிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயத்தால் அல்ல, சந்தோஷத்தால். விதியாகப் போகிறது! முத்திரை இல்லாத வாழ்க்கை என்ற நினைப்பு ஒரே ஒரு தடவை வந்தது. அந்த முத்திரையைத் தவிர அவர் சொன்னால் சொன்னதுதான் என்று இருக்கும் இடம் வேறு எது? பம்பு கம்பெனியில் இல்லை. வீட்டில் நிச்சயமாக இல்லை.

ஞாயிறும் வந்தது. திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். ஒரு கட்டத்தில் டிரைவர், சீருடையோடு. மாமியார் தலையை வாரிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவங்கதான் எங்க அத்தை" என்றார் அரைப்புள்ளி. "இவங்களுக்குச் சுத்தமா ஒண்ணும் தெரியாது."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் தலைவி. "நாளைக்கு யாரும் நீங்க காதுல ஓதினீங்கன்னு சொல்லிடக் கூடாது. அதனால நீங்க கொஞ்சம் அடுத்த ரூம்ல இருங்க."

"தாராளமா!"

அரைப்புள்ளி சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று. மவுஸ் சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

"பதட்டமா இருக்கும்" என்றார்.

இருபது நிமிஷம் ஆயிற்று. கதவில் காதை வைத்தார்.

"நிதானமா பண்றாங்க போல" என்றார். நெற்றி வியர்த்திருந்தது. மனைவி தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

நாற்பதாவது நிமிஷம் தலைவியின் குரல் கேட்டது.

"அம்மா, முதல் படியிலயே நிக்கிறீங்களே. பக்கத்துல எந்த வரி புரியலைன்னு சொல்லுங்க. பரவாயில்ல, தைரியமா சொல்லுங்க."

பிறகு மாமியாரின் குரல், பாவமாக:

"நான் என்னம்மா பண்ணுவேன், மாப்பிள்ளையை வெளிய அனுப்பிட்டீங்களே! இந்தப் பேப்பரை நான் எந்தக் காலத்துல படிச்சேன்? அம்புக்குறி சரியான இடத்துக்குப் போனதும் அவர் மூஞ்சியில ஒரு பெருமை வரும் பாருங்க, அதைப் பார்த்துத்தானே இத்தனை வருஷமா அமுக்கிக்கிட்டு இருக்கேன்!"