மாப்பிள்ளை வண்டிக்கு நான் போடச் சொன்ன கூண்டு

ஒரு வீட்டில் ஒருவர் முறையாகக் கவலைப்பட்டால் மற்றவர்கள் நிம்மதியாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை, யாரும் கேட்காமலே, நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

காரைக்குடிக்கு வரும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு வறண்ட கண்மாய்க்குள் ஓட்ட, மாப்பிள்ளை சொக்கலிங்கம் மேடு பள்ளத்தில் ஓடும் ‘பக்கி’ என்ற மோட்டார் வண்டி ஒன்று கட்டினார். (கதவில்லை, கூரையில்லை. இவரை நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தேன்!) எங்கள் பூர்வீக வீட்டின் பின்கட்டில் வேலை நடந்தது. கவிழ்ந்தால் தலையைக் காக்க இரும்புக் குழாயில் ஒரு கூண்டு வேண்டும். அதை போல்ட் போட்டு மாட்டுவதா, வெல்டிங் செய்வதா?

“போல்ட்டே போதும் மாமா. வேணும்னா கழட்டி மாட்டிக்கிறலாம்.”

எண்ணினேன். இருபத்து நான்கு போல்ட். அதாவது, கழன்று விழ இருபத்து நான்கு வாய்ப்புகள். “வெல்டிங்தான் மாப்பிள்ளை! கழட்டவே முடியக் கூடாது.”

மாமனாரை மறுத்துப் பேச அவருக்கு வாய் வராது. “நீங்க சொல்றீக... சரி மாமா.”

வெல்டிங் முடிந்ததும் கூண்டைப் பிடித்துத் தொங்கிக்கூடப் பார்த்தேன். அசையவில்லை.

மறுநாள் காலை வண்டியைப் பார்க்க விடுதி மேலாளர் வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் விருந்தினரையெல்லாம் மாப்பிள்ளையிடம் அனுப்புவார். எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி கிளம்பியது. பின்வாசலில் ‘டங்’ என்று நின்றது. மாட்டுவண்டிக்குக் கட்டிய வாசல். மேலே கல் உத்திரம். கூண்டு அதைவிட இரண்டு விரல் உயரம். அகலத்தை மூன்று முறை அளந்த நான் உயரத்தை அளக்கவே இல்லை.

“உத்திரத்தைக் கொஞ்சம் செதுக்கினா?” என்றேன்.

மகள் மீனாள் இடுப்பில் கை வைத்தாள். “பதினோரு பங்காளி வீட்டுலயும் சம்மதம் வாங்கணும் அப்பச்சி. அதுல ரெண்டு பேர் பேசிக்கிறதே இல்ல. போல்ட்டா இருந்தா இந்நேரம் கழட்டியிருப்பாக!”

மாப்பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் மனைவி உமையாள்தான் வாய் திறந்தாள். “திருப்பத்தூர் பஸ்ஸுல கூட்டம் ஏறுனா அமுங்குதுல்ல? எல்லாரும் ஏறுங்க.”

ஏறினோம். உறவும் அண்டை வீடுமாக எட்டுப் பேர். நான் பின்குழாயில் தொற்றிக்கொண்டேன். வண்டி அமுங்கி, உத்திரத்தை உரசியபடி வெளியே வந்தது. எதிரே மேலாளர்!

“இத்தனை பேரைத் தாங்குதா?” என்று வாயைப் பிளந்தார். “அப்ப எங்க கெஸ்ட் ரெண்டு பேர் தாராளமாப் போகலாமே!”

மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்தது. ஆனால் வண்டி தெருவில் நின்றால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் தினமும் சாயங்காலம் மற்றவர்களையெல்லாம் ஏற்றிவிட்டு அவர் மரியாதையாக வந்து நிற்பார்: “மாமா, கொஞ்சம் ஏறி உக்காருறீகளா?”

போதும் என்று இலையை மறைத்தால் உமையாள் விடுவதில்லை. “இன்னும் ரெண்டு இட்லி வச்சுக்கிருங்க. வண்டி உள்ள வரணும்ல!”