வெள்ளைப் பல் சம்பந்தி

கரித்தூளைத் துப்பிவிட்டு ஹெட்மாஸ்டர் கதோகோ கண்ணாடியைப் பார்த்தார். பல் பழையபடி காவி நிறத்திலேயே இருந்தது. புதிதாக ஈறுதான் கறுத்திருந்தது.

“முகாமி அப்பா, சம்பந்தம் பேச வர்றவங்க முன்னாடி அடுப்புக்குள்ள தலையை விட்டு எடுத்த மாதிரி நிக்கப் போறீங்களா?” என்றாள் மனைவி மிரியம், குளியலறை வாசலில் நின்றபடி.

“வர்றது யாரு தெரியுமில்ல? பல் டாக்டர் வீட்டு ஆளுங்க.”

“பையன்தான் பல் டாக்டர். அவங்க அப்பா நைவாஷாவுல கோசு பயிர் பண்றவராம்.”

“மகன் பல் டாக்டர்னா வீட்ல அத்தனை பேர் பல்லும் பளிங்காத்தான் இருக்கும். வந்து உக்காந்ததும் என் வாயைத்தான் பாப்பாங்க. விடு, நான் பாத்துக்கிறேன்.”

‘விடு, நான் பாத்துக்கிறேன்’ என்று கதோகோ சொன்னாலே மிரியம் உஷாராகிவிடுவாள். போன தடவை அப்படிச் சொல்லித்தான் கூரை ஒழுகலை அடைக்க ஏறினார். இப்போது அந்த அறைக்குக் கூரையே இல்லை.

உண்மையில் கதோகோவின் பல்லுக்கு ஒரு குறையும் கிடையாது. ஐம்பத்தாறு வயதிலும் சுட்ட மக்காச்சோளத்தைக் கறுக்கு மொறுக்கென்று கடிப்பார். ஒரு சொத்தை இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. என்ஜோரோவில் பிறந்து, என்ஜோரோ ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர், அவ்வளவுதான் விஷயம். அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஈறுக்குள் பல் உருவாகும்போதே கறை சேர்ந்துவிடும். பிறகு எந்தப் பிரஷ்ஷுக்கும் அது அசையாது.

இதைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். காலையில் ஒரு தரம், படுக்கப் போகுமுன் ஒரு தரம் தேய்க்க வேண்டும் என்று பாட்டுக் கட்டிப் பாட வைத்ததும் அவர்தான். அந்தப் பாட்டு வானொலியில் வந்ததிலிருந்து சுற்றுவட்டாரம் முழுக்க அவருக்கு ‘பிரஷ் ஹெட்மாஸ்டர்’ என்றே பெயர். ஊருக்குள் இருக்கிறவரை சிக்கல் இல்லை, எல்லார் பல்லும் ஒரே காவி. வெளியூர் போனால்தான் வினை. நைரோபியில் ஒரு கல்விக் கூட்டத்தில் அவர் பேசி முடித்ததும், அதிகாரி ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, மிகுந்த அன்போடு, ஒரு பற்பசையைக் கையில் வைத்து அழுத்தினார். அந்த அன்பை இன்றுவரை கதோகோவால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது வெள்ளைப் பல் குடும்பமே வீடு தேடி வருகிறது. மகள் முகாமியின் வாழ்க்கை. தன் வாயால் அது கெட்டுவிடக் கூடாது.

கரி தோற்றதும் எலுமிச்சைச் சாற்றில் சோடா மாவைக் குழைத்துத் தேய்த்தார். கறை போகவில்லை, கூச்சம் வந்தது. சூடான டீ பட்டால் உச்சி மயிர் வரைக்கும் சுரீர் என்றது.

“எலுமிச்சம்பழம் பல்லை அரிக்கும்னு பள்ளிக்கூடத்துல போர்டு எழுதி வெச்சது யாரு?” என்று கேட்டாள் முகாமி.

“அது பிள்ளைங்களுக்கு.”

“கிதிஞ்சி என் பல்லைப் பாத்துட்டுத்தானேப்பா கட்டிக்கிறேன்னாரு? உங்க பல்லைப் பாத்தா ஓடப் போறாரு?”

“அவன் ஓட மாட்டான். அவங்க அப்பா ஓடுவாரே. நீ அவரைப் பாத்திருக்கியா?”

முகாமி பார்த்ததில்லை. கிதிஞ்சிக்குச் சிறு வயதிலேயே அம்மா தவறிவிட, நியேரியில் சித்தி வீட்டில் வளர்ந்தவன் அவன். அப்பா கூச்ச சுபாவம், யார் கண்ணிலும் படமாட்டார் என்று மட்டும் சொல்லியிருந்தான்.

“பாத்தியா? பெரிய இடத்து ஆளுங்க அப்படித்தான் இருப்பாங்க” என்று சொல்லிவிட்டுக் கதோகோ நகுரு டவுனுக்குப் பஸ் ஏறினார்.

சந்தையில், கைபேசி உறையும் கறுப்புக் கண்ணாடியும் விற்கிற கடையில், பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் பல் கிடைத்தது. பளபளவென்று ஒரு முழு வரிசை.

“வெந்நீர்ல போடுங்க, இளகும். மாட்டிக் கடிங்க, புடிச்சுக்கும். அப்புறம் நீங்களே உங்களுக்கு அடையாளம் தெரிய மாட்டீங்க” என்றான் கடைக்காரன்.

“மேல்வரிசை மட்டும்தானே இருக்கு. கீழ்ப் பல்லுக்கு?”

“கீழ்ப் பல்லை யாரு சார் பாக்குறா?”

நியாயமாகத்தான் பட்டது.

சனிக்கிழமை பகலில் வாசலில் கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் கிதிஞ்சியின் ஜெருஷா சித்தி. தலையில் பெரிய துணிக்கட்டு, அதைவிடப் பெரிய குரல். பின்னால் கிதிஞ்சி, தன் பூட்ஸையே பார்த்தபடி. அதற்கும் பின்னால் கோட்டுப் போட்ட நெட்டையான மனிதர்.

“இவர்தான் கிதிஞ்சியோட அப்பா” என்றார் ஜெருஷா சித்தி.

நெட்டை மனிதர் சிரித்தார். கதோகோ பயந்தது வீண்போகவில்லை. அப்படி ஒரு வெள்ளைப் பல்லை அவர் விளம்பரத்தில்கூடப் பார்த்ததில்லை. நல்லவேளை மாட்டிக்கொண்டோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டு, மேல் உதட்டைத் தாராளமாகத் தூக்கி, கீழ் உதட்டைக் கெட்டியாக மூடிக்கொண்டு, பதிலுக்குச் சிரித்தார்.

“வாங்க தம்பந்தி. ரொம்பத் தந்தோஷம்.”

மிரியம் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்தாள். ‘ச’ அவர் வாயில் நிற்கவில்லை. ஒரு மணி நேரம் பேசுவதற்கு வரவேற்புரை தயாரித்து வைத்திருந்த மனிதர், அதை இரண்டு நிமிடத்தில் முடித்தார். அந்த இரண்டு நிமிடத்திலும் ‘ச’ வரும் இடமெல்லாம் இருமினார்.

“கார்ல டிரைவர் உக்காந்திருக்காரே, அவரையும் கூப்பிடுங்க” என்றாள் மிரியம்.

“அவரு வரமாட்டாரு. டீயை மட்டும் குடுத்தனுப்புங்க” என்றார் ஜெருஷா சித்தி அவசரமாக.

சாப்பாடு வந்தது. சுட்ட ஆட்டுக்கறி, சப்பாத்தி, பச்சைப் பட்டாணி போட்டு மசித்த உருளைக்கிழங்கு.

“தாப்பிடுங்க” என்றார் கதோகோ.

“நீங்க சாப்பிடலையா?”

“விரதம்.”

ஆடு அறுத்தவனே விரதம் என்று சொன்னால் விருந்தாளிக்குக் கறி எப்படி இறங்கும்? ஜெருஷா சித்தி மெல்லுவதை நிறுத்தினார். கதோகோ வேறு வழியில்லாமல் ஒரு துண்டு கறியை வாயில் போட்டார். மேல்வரிசை கறியோடு கிளம்பப் பார்த்தது. நாக்கால் தள்ளித் தள்ளி அதை இடத்தில் நிறுத்தியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அழுவுறாரே” என்றார் நெட்டை மனிதர், பரிதாபமாக.

ஜெருஷா சித்தி மிரியத்தின் பல்லைப் பார்த்தார். முகாமியின் பல்லைப் பார்த்தார். கடைசியாகக் கதோகோவின் பல்லைப் பார்த்து, தட்டைக் கீழே வைத்தார்.

“ஹெட்மாஸ்டர் எந்த ஊரு?”

“இதே ஊருதான். பொறந்தது, வளந்தது எல்லாம்.”

“பொண்ணு பல்லு இந்த ஊர்த் தண்ணி. அம்மா பல்லும் இந்த ஊர்த் தண்ணி. உங்களுக்கு மட்டும் மழைத்தண்ணியா குடுத்து வளத்தாங்க?”

கதோகோ நாக்கால் மேல்வரிசையை அழுத்திக்கொண்டார். “நான் நல்லாத் தேய்ப்பேன்” என்றார்.

“அப்ப இவங்க ரெண்டு பேரும் தேய்க்கிறதில்லையா?”

மிரியம் கணவனைப் பார்த்த பார்வையில் கறி ஆறிப்போயிருக்கும். அந்த வீட்டில் படுக்கப் போகுமுன் பிரஷ்ஷைத் தொடாமல் யாரும் படுத்ததே இல்லை. ஒரே வாக்கியத்தில் இருவர் மானத்தையும் வாங்கிவிட்டார்.

ஜெருஷா சித்தி எழுந்துவிட்டார். “டவுன்ல அப்பா வாடகைக்குக் கிடைக்கிறாருன்னு கேள்விப்பட்டிருக்கேன். இன்னிக்குத்தான் கண்ணால பாக்குறேன். பேச வந்தா இருமுறாரு, கறியைப் போட்டா அழுவுறாரு. நிஜ அப்பா எங்கம்மா? இந்தச் சம்பந்தம் புடிக்காம வெளிய போயிட்டாரா? அப்பன் ஆசீர்வாதம் இல்லாத வீட்ல நாங்க பொண்ணெடுக்க மாட்டோம். கிதிஞ்சி, எழுந்திரு.”

“சித்தி, ஒரு நிமிஷம்…”

“எழுந்திருடா.”

முகாமி அப்பாவைத்தான் பார்த்தாள். சின்ன வயதில் பல் விழுந்து அழுதபோது பார்த்த அதே பார்வை. இந்தப் பெண்ணுக்காக மாட்டியதுதான் இந்தப் பெண்ணின் வாழ்வைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

கதோகோ வாயில் கைவிட்டார். ‘பொளக்’ என்று ஒரு சத்தம். மேல்வரிசையைக் கழற்றித் தட்டில், கறிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“நல்லாப் பாத்துக்குங்க சம்பந்தியம்மா” என்றார். ‘ச’ மணி அடித்த மாதிரி வந்தது. குரலும் பள்ளிக்கூட மைதானத்துக்குத் திரும்பிவிட்டது. “இதுதான் என் பல்லு. என்ஜோரோ காவி. இவ பல்லுக்கும் என் பல்லுக்கும் ஒரே குழாய். இது அழுக்கு இல்ல. காலைல ஒரு தரம், ராத்திரி ஒரு தரம், புத்தி தெரிஞ்ச நாள்லேருந்து தேய்க்கிறேன். ஒரு சொத்தை காட்டுங்க, பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டுப் போயிடறேன். பல் டாக்டர் வீட்டுக்காரங்க கேவலமா நெனைப்பீங்களோன்னு நான்தான் புத்தி கெட்டு இந்தச் சனியனை மாட்டினேன். இனிமே மாட்ட மாட்டேன். இந்தப் பல்லு புடிச்சவங்க உக்காந்து கறி சாப்பிடலாம்.”

கிதிஞ்சி எழுந்து வந்து, வைத்தியர் கணக்காகக் குனிந்து, மாமனார் வாய்க்குள் எட்டிப் பார்த்தான்.

“இவ்வளவு ஆரோக்கியமான பல்லை என் ஆஸ்பத்திரியில நான் பாத்ததில்ல” என்றான். பிறகு சித்தியைத் திரும்பிப் பார்த்தான். “நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?”

ஜெருஷா சித்தி பொத்தென்று உட்கார்ந்தார். நெட்டை மனிதர் கோட்டுப் பொத்தானைக் கழற்றி, வெகுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

வாசலில் நிழல் விழுந்தது. காலி டீ டம்ளரோடு டிரைவர் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் முழுக்கச் சிரித்தபோது, மேலும் கீழுமாக இரண்டு வரிசையும் அசல் காவி.

“அப்ப நானும் உள்ள வரலாமா சம்பந்தி? நைவாஷாத் தண்ணியும் இதே காவிதான். பிரஷ் ஹெட்மாஸ்டர் வீடாச்சேன்னு பயந்து எங்க சகலையை அப்பாவா அனுப்பிட்டேன், கிதிஞ்சியைப் பெத்தவன் நான்தான்.”