ஒரு சீட்டுகூடக் காலியில்லை

“மாப்பிள்ளை, உங்களைத் தெரிஞ்ச மாதிரி நிக்கணுமா, தெரியாத மாதிரி நிக்கணுமா?”

மாமனார் ரகசியமாகத்தான் கேட்டார். ஆனால் ஆயுள் முழுக்கப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். அவருடைய ரகசியம் படியில் தொங்குகிறவன் வரைக்கும் போய்ச் சேரும். சின்ன விமான நிலையத்தின் காத்திருப்புக் கூடமே திரும்பிப் பார்த்தது. பரவாயில்லை. கூடத்தில் ஏறக்குறைய எல்லோருமே அவருக்கு வேண்டியவர்கள்.

“தெரியாத மாதிரி, மாமா.”

“அப்போ என்னை மாமான்னு கூப்பிடாதீங்க.”

அவன் விமானக் கம்பெனியில் அட்டவணை போடுகிறவன். எந்த விமானம் எப்போது எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கிற அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து, அவன் பெயரே அட்டவணை என்று ஆகிவிட்டது. பெரிய விமான நிலையம் நகரத்தின் வடகோடியில் இருந்தது. இந்தச் சின்ன நிலையம் தென்கோடியில், அவன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. இங்கிருந்தும் விமானம் விட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவன் அவன்தான். தென்பக்கத்து மக்கள் தவியாய்த் தவிக்கிறார்கள் என்று எழுதியிருந்தான்.

தவித்தது அவன். மகள் எழுவதற்கு முன்னால் கிளம்பி, ஊரையே குறுக்கே கடந்து வேலைக்குப் போய், அவள் தூங்கிய பிறகு திரும்புகிறவன். பள்ளிக்கூடத்தில் குடும்பத்தை வரையச் சொன்னபோது, மகள் அம்மாவை நிற்க வைத்தும் அப்பாவைப் போர்த்திப் படுக்க வைத்தும் வரைந்தாள். டீச்சர் அவன் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, ‘அவர் இருக்காருல்ல?’ என்று தயங்கித் தயங்கி விசாரித்தாள்.

கம்பெனி கடைசியில் ஒரு சோதனை ஓட்டத்துக்குச் சம்மதித்தது. பக்கத்து நகரத்துக்கு ஒரே ஒரு விமானம், காலையில் போய் சாயங்காலம் திரும்பும். இயக்குநரே வந்து பார்ப்பார். கூட்டம் இருந்தால் இங்கிருந்து தினமும் விமானம், அட்டவணைதான் இங்கே நிலைய அதிகாரி. இல்லையென்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

முந்தின நாள் முன்பதிவைத் திறந்து பார்த்தான். பொக்கைவாயில் பல் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெயர்கள். ஊழியர் குடும்பங்களுக்குக் கம்பெனி கொடுக்கிற இலவசச் சீட்டுகளைத் தேடினான். தன்னுடையது போதவில்லை, கூட வேலை செய்கிறவர்களிடம் கெஞ்சி அவர்களுடையதையும் வாங்கினான். எல்லாவற்றையும் தன் கையாலேயே உறுதி செய்து, கடைசி சீட்டு வரை அடைத்தான்.

மனைவி மட்டும் வரவில்லை. “எங்க ஆளுங்களை வேணா ஓட்டிட்டுப் போங்க. எனக்கு வெட்கம்னு ஒண்ணு இருக்கு” என்றாள்.

அவனுக்கும் இருந்தது. அதைச் சாயங்காலம் வரை தள்ளிப்போடலாம் என்று நினைத்தான்.

இயக்குநர் அதிகாரிகளுக்கான பக்கவாசல் வழியாக உள்ளே வந்தார். கூடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“பரவாயில்லையேப்பா! ஈ ஓட்டிட்டு இருக்கும்னு நினைச்சேன்.” கொஞ்சம் நடந்தார். நின்றார். “ஆமா, ஒருத்தர் கையிலயும் பெட்டியைக் காணோமே?”

பெட்டி! அதை யாரிடமும் சொல்ல அவனுக்குத் தோன்றவே இல்லை.

“சாயங்காலமே திரும்பிடுவாங்க சார். ஒரு நாள் வேலை.”

“இத்தனை பேருக்குமா? அப்படி என்ன வேலை? காபியைக் குடிச்சிட்டு வந்து நானே விசாரிக்கிறேன். ஜனங்க மனசு தெரியணும்ல?”

காபி ஆறுவதற்குள் அட்டவணை மைத்துனனைத் தூணுக்குப் பின்னால் இழுத்தான். மைத்துனன் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவன். சீட்டு மிஞ்சுகிறதே என்று தன்னிடம் எடை தூக்க வருகிறவர்களை மொத்தமாக அழைத்து வந்திருந்தான்.

“டேய், எதுக்குப் போறீங்கன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாதவங்களை, ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லச் சொல்லு. அதுக்கு மேல யாரும் குடைய மாட்டாங்க.”

“சூப்பர் அத்தான்!”

என்ன சொல்வதென்று யாருக்குமே தெரியவில்லை.

“எங்கம்மா பயணம்?” இயக்குநர் முதல் வரிசையில் இருந்த மாமனாரின் தங்கையிடம் கேட்டார்.

“ஆஸ்பத்திரிக்குங்க.”

“அடடா. நீங்க ஐயா?”

“ஆஸ்பத்திரி.”

“நீங்க?”

“அதே ஆஸ்பத்திரிதான்.”

நான்காவது ஆள் எழுந்தான். எழுந்துகொண்டே இருந்தான். அவனுடைய ஒரு புஜம் இயக்குநரின் இடுப்பளவு இருந்தது.

“உங்களுக்கு என்ன தம்பி?”

“உடம்பு ரொம்ப முடியல சார்.”

இயக்குநர் மெல்லப் பின்வாங்கி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். “என்னய்யா இது, இந்தப் பக்கம் ஏதாவது பரவுதா? டாக்டரைக் கூப்பிடு! இத்தனை நோயாளிங்களை வச்சுக்கிட்டு வண்டியைக் கிளப்பக் கூடாது!”

அட்டவணை குறுக்கே பாய்ந்தான். “சார், சார்! அவங்க நோயாளி இல்ல. நோயாளியைப் பார்க்கப் போறவங்க!”

“எல்லாருமா? யாரைப் பார்க்க?”

“ஒருத்தரைத்தான் சார். இவங்க குடும்பத்துலயே பெரியவர். ரொம்ப சீரியஸ்.”

மாமனாரின் தங்கை கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவி விழுந்தது.

“யாரு? எங்க அண்ணனா? ஐயோ, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னுதானே கூட்டிட்டு வந்தீங்க!”

அவள் அழத் தொடங்கியதும் பக்கத்தில் இருந்தவள் அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து அடுத்த வரிசை அழுதது. எடை தூக்குகிறவர்களில் ஒருவன் இளகிய மனசுக்காரன் போலிருக்கிறது. யார் என்றே தெரியாத பெரியவருக்காகத் தேம்பினான்.

அந்த அண்ணன் வேறு யாருமில்லை, மாமனார்தான். பதற்றத்தில் தங்கைக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை, அவர் மூன்றாவது வரிசையில் முழு ஆரோக்கியத்தோடு உட்கார்ந்திருந்தார். தன்னைச் சாகக் கொடுத்து ஊரே அழுவதை எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதர் தெரியாத மாதிரி பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

“நிறுத்துங்க எல்லாரும்!” என்று எழுந்தார். கண்ணாடிகள் அதிர்ந்தன. “நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல. மாப்பிள்ளை சொல்லச் சொன்னாரு, சொன்னோம். அவ்வளவுதான்!”

“மாப்பிள்ளை யாரு?” என்றார் இயக்குநர்.

கூடம் முழுக்க விரல்கள் நீண்டன.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். நின்றபடி, தரையைப் பார்த்தபடி. காது மடல் எரிந்தது. நிஜமாகவே டிக்கெட் வாங்கி வந்த ஒரு பெண், கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

இயக்குநர் கத்தவில்லை.

“நீ எழுதினதை நம்பி, மேல இருக்கவங்ககிட்ட நான் மல்லுக்கட்டினேன்யா. ஜனங்க தவிக்கிறாங்கன்னு எழுதினியே, எங்க அவங்க?”

அவன் கூடத்தைச் சுற்றித் தேடினான்.

இயக்குநர் போனை எடுத்தார். “நான்தான். சின்ன ஏர்போர்ட் வேண்டாம், மூடிடுங்க அந்த ஃபைலை. நேர்லயே பார்த்துட்டேன், இங்க ஆளே இல்ல. இன்னிக்கு வண்டி மட்டும் போயிட்டு வரட்டும், காசு கொடுத்தவங்க இருக்காங்களே.” பேசிக்கொண்டே வந்த வழியே பக்கவாசலில் வெளியேறினார். அவருடைய கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

விமானத்தில் ஏறச் சொல்லி அழைத்தார்கள். யாரும் அசையவில்லை.

“இப்போ ஏறணுமா, வேண்டாமா மாப்பிள்ளை?” மாமனார் வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜமான ரகசியக் குரலில் கேட்டார்.

“ஏறுங்க மாமா. காலியாப் போனா இன்னும் அசிங்கம்.”

அவர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஏற்றினார். “உள்ள போங்க, உள்ள போங்க” என்று உதடுதான் அசைந்தது, சத்தம் வரவில்லை. தாண்டிப் போகிற ஒவ்வொருவரும் துக்கம் விசாரிக்கிறவர்கள் போல அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். மைத்துனன் மட்டும், “விடுங்க அத்தான், ஆள் இல்லாத இடத்துல நீங்க என்ன பண்ண முடியும்?” என்றான்.

விமானம் எழும்பிப் போனது. அட்டவணை காலிக் கூடத்தில், மாமனாரின் தங்கை கொட்டிய தண்ணீரைக் காகிதத்தால் துடைத்துக்கொண்டிருந்தான். உண்மைதான். ஆள் இல்லை. தனக்கு வேண்டும் என்பதற்காக, ஊருக்கே வேண்டும் என்று எழுதியிருக்கிறான்.

முன்வாசலுக்கு வெளியே இருக்கும் டிக்கெட் கவுண்டரைப் பூட்டிவிட்டு, அங்கே வேலை பார்க்கும் பெண் உள்ளே வந்தாள். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாளையிலேர்ந்து ஃப்ரீ சீட்டைக் கொஞ்சம் கம்மியாப் போடுங்க சார், இந்தப் பக்கத்து ஜனங்க முன்பதிவெல்லாம் பண்ண மாட்டாங்க, பஸ்ஸுக்கு வர்ற மாதிரி பெட்டியோட நேரா வந்து நின்னுட்டாங்க, ‘ஃபுல் ஆயிடுச்சு, போங்க’ன்னு அத்தனை பேரையும் விரட்டி விரட்டி எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு.”