எத்தனை அப்பா தெரிகிறார்?

ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை கண் அறுவை சிகிச்சைக்குப் போனால், அப்பாவைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். (அவர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.)

பனகல் பூங்கா பக்கம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் என் இடது கண் மூக்கைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. அதிலிருந்து எதைப் பார்த்தாலும் இரண்டு. தி.நகர் கடையில், வந்தவரை விட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்த காற்றை "வாங்க, வாங்க" என்று வரவேற்றேன். மாதக்கணக்கில் இதே கதி. வண்டி ஓட்ட முடியாது, படிக்க முடியாது. இனி இப்படித்தானோ என்று பயந்துபோயிருந்தேன்.

கண் தசையை இடம் மாற்றித் தைப்பதில் இரண்டு விதம் உண்டு என்றார் மயிலாப்பூர் டாக்டரம்மா. ஒன்று, அப்போதே இறுக்கி முடிச்சுப் போட்டுவிடுவது. மற்றது, சுருக்குப் போட்டு வைத்து, மறுநாள் நான் விழித்திருக்கும்போதே நூலை இழுத்தோ தளர்த்தியோ பார்வையைச் சரிபார்த்துவிட்டு முடிச்சுப் போடுவது. இரண்டிலும் நல்லதும் உண்டு, சிரமமும் உண்டு என்றார். நான் யோசிப்பதற்குள் அப்பா முடிவெடுத்துவிட்டார்.

"ஆல்ட்ரேஷன் உள்ளதையே போடுங்கம்மா."

மறுநாள் காலை கட்டைப் பிரித்து, கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். முடிச்சுப் போட்டு நூலை வெட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாது, பார்த்துப் பதில் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. நான் பயப்படுவதைப் பார்த்து, அப்பாவைக் கதவருகே நிற்கவைத்து அவர் முகத்தையே பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடம் கண்ணை மூடி ஆசுவாசப்படுத்திக்கொண்டு திறந்தேன்.

"எத்தனை அப்பா தெரியறாரு?"

இரண்டு பேர். அதே உயரம், அதே சந்தன நிறச் சட்டை, அதே திருநீறு.

"ரெண்டு, டாக்டர்."

நூலைக் கொஞ்சம் தளர்த்தினார். நான் மறுபடி பார்த்தேன்.

"இப்ப நாலு," என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் என் இடது கண்ணை மறைத்துவிட்டு மறுபடி கேட்டார்.

"ரெண்டு."

டாக்டரம்மாவின் கை நின்றது. ஒற்றைக் கண்ணால் பார்ப்பவனுக்கு எப்படி இரண்டு தெரியும்? மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

கதவருகே அப்பா. பக்கத்தில், அவரை அப்படியே உரித்துவைத்த முகத்தோடு சித்தப்பா. காரை நிறுத்த இடம் தேடி மாட வீதிகளைச் சுற்றிவிட்டு, நான் கண்ணை மூடியிருந்தபோது உள்ளே வந்திருக்கிறார். தீபாவளிக்குக் கடையில் ஒரே துணியில் வீட்டு ஆண்கள் அத்தனை பேருக்கும் சட்டை தைப்பது எங்கள் வழக்கம். தொந்தரவு செய்யக் கூடாது என்று இருவரும் மூச்சைக்கூட அடக்கி நின்றிருக்கிறார்கள்.

டாக்டரம்மா முதல் நாளே கச்சிதமாகத்தான் தைத்திருந்தார். கெடுத்தது நான். சித்தப்பாவை வெளியே அனுப்பிவிட்டு நூலைத் திரும்ப இழுத்தார். மிச்சமிருந்த இரண்டு அப்பாக்களும் நெருங்கி, உரசி, ஒருவரானார்கள். அந்த ஒருவர் அழுதுகொண்டிருந்தார். நானும் அழுதேன். முடிச்சு விழுந்தது.

சில வருடங்கள் கழித்து அடையாறில் பெண் பார்க்கப் போனோம். பிடித்திருக்கிறதா என்று அப்பா கேட்டதும் சித்தப்பா எழுந்துவிட்டார்.

"நான் வெளிய நிக்கேன். பய நிதானமா எண்ணிட்டுச் சொல்லட்டும்."

பெண் வீட்டார் திருதிருவென்று விழிக்க, அப்பா முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. முதலில் சிரித்தவள் அந்தப் பெண்தான். இன்றைக்கும் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வீட்டுக்கு வந்தால், சமையலறையிலிருந்து அவள் குரல் வரும்.

"எத்தனை காபின்னு ஒரு கண்ணை மூடிக்கிட்டு எண்ணிச் சொல்லுங்க."